வெந்தய மணமும் கன்றுக்குட்டியின் வயிறும்

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். மேற்படிப்புக்காக பிரான்ஸ் போகிறாள். "அக்கா, அங்கே சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா, "ரொட்டியும் சீஸும் இருக்கிறதே, பாலில் செய்வதுதானே" என்று பேச்சை முடித்துவைத்தார். எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பினார்கள். அதை நம்பி எட்டு மாதம் சாப்பிட்டேன். அன்று அரை மணி நேரம் பேசியும் அவளிடம் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குப் போனது திஜோன் நகரத்துக்கு. பூர்கோஞ் வட்டாரத்தின் தலைநகரம். கடுகுக்கும் ஒயினுக்கும் பெயர்போன ஊர். நான் கும்பகோணத்தில் வளர்ந்தவள். எங்கள் அடுக்களைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அலுவலக உணவகத்தில் முதல் நாள் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்றதும் பரிமாறுபவர் கவலையோடு என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, தட்டு நிறைய சீஸ் அடுக்கிக் கொடுத்தார். அந்த ஊரில் சைவக்காரருக்கு எல்லோரும் காட்டும் பரிவு இதுதான். வரவேற்பு விருந்தில் கையில் ஒரு கிர் கொடுத்தார்கள். ஊரின் மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கிர் என்ற பாதிரியாரின் பெயரில் வழங்கும் பானம். வெள்ளை ஒயினில் காசிஸ் பழ மதுவைக் கலந்தது. ஒரு வாய் குடித்தேன். வானம் இடிந்து விழவில்லை. இந்த ஊரில் இருக்கும்வரை சீஸையும் ஒயினையும் ஒழுங்காகச் சுவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றிரவே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை நகர நடுவில் இருக்கும் பழைய இரும்புக்கூடச் சந்தைக்குப் போனேன். சீஸ் கடையில் வரிசை நீளம், என் பிரெஞ்சு குட்டை. வண்டிச் சக்கரம் போன்ற காம்தே மீது கடைக்காரர் கத்தியை வைத்து, "இவ்வளவா?" என்பதுபோல் பார்த்தார். தலையாட்டினேன். அவர் கத்தி வைத்த இடம் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கானது என்பது தராசில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. 900 கிராம், 24 மாதம் பதமானது, கிலோ 33 யூரோ. கூடவே ஒரு துண்டு ப்ரீ, ஒரு முழு எப்வாஸ். மொத்தம் 46 யூரோ 70 சென்ட். அன்றைய மதிப்பில் 4,200 ரூபாய். பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் வாயைத் திறக்காமல் பணத்தை நீட்டினேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: கத்தி வைத்ததும் "ஆங் பு ம்வேன்", அதாவது இன்னும் கொஞ்சம் குறைவாக, என்று சொல்லலாம். இரண்டு தடவை சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வகையில் 100 கிராம் தாராளம். சுவைத்துப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மெல்லிய சீவல் ஒன்றைக் கத்தி நுனியில் நீட்டுவார்கள். காம்தேயைப் பொறுத்தவரை, வயது ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் 12 மாதத்துத் துண்டு நம் நாக்குக்கு நட்பானது. சக்கரத்தின் விளிம்பில் பச்சைப் பட்டை இருந்தால் அது தரச் சோதனையில் 20க்கு 14 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வாங்கியது. பழுப்புப் பட்டை என்றால் அதற்குக் கீழே, 12க்குக் குறையாமல். பழுப்பும் நன்றாகவே இருக்கும்.

வாங்கியதை வீட்டில் நம் வழக்கப்படி இறுக்கமாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். நான்காம் நாள் ப்ரீ வியர்த்து, கழிவறை மருந்து போல அமோனியா அடித்தது. எப்வாஸ் இன்னும் மோசம். அந்த சீஸைப் பதப்படுத்தும்போது மேல்தோலை உப்புநீராலும், திராட்சைச் சக்கையிலிருந்து காய்ச்சிய மார் என்ற சாராயத்தாலும் பலமுறை கழுவுவார்கள். அந்த ஈரத்தில் ஆரஞ்சு நிறமாகப் படரும் பாக்டீரியாவுக்கும் நம் கால்விரல் இடுக்கு நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவுக்கும் நெருங்கிய உறவு. காப்பிக்கு வைத்திருந்த பாலில் அந்த நாற்றம் ஏறியது. இட்லி மாவில் ஏறியது. உடன் தங்கியிருந்த பெண் டிசம்பர் குளிரில் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, என்னிடம் எதுவும் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள். அந்த மௌனம்தான் பணம் போனதைவிட உறுத்தியது. சீஸ் மூச்சுவிடும் பொருள். கடையில் சுற்றித் தரும் மெழுகுத்தாளிலேயே திரும்பச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். சாப்பிட ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துவிட வேண்டும். குளிரில் எல்லாச் சீஸுக்கும் ஒரே சுவை, உப்புப் போட்ட மெழுகுவர்த்தியின் சுவை.

இரண்டாவது எப்வாஸை முறைப்படி சாப்பிட்ட அன்று நோட்டில் எழுதியது இது: "வெளியே மழைக்காலத்துக் காலுறை. உள்ளே கரண்டியில் வழிகிறது. நெய் காய்ச்சிய சட்டியின் அடிக்கசண்டு, அதன்மேல் உப்பு, விழுங்கிய பிறகு ஒரு இனிப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தேன், டப்பாவை வழித்து முடித்தேன்." நெய்க்கசண்டில் சர்க்கரை போட்டுத் தின்று வளர்ந்தவர்களுக்கு அது அந்நியச் சுவையே அல்ல. ஆட்டுப்பால் சீஸ் பக்கத்தில் சவீஞோல் என்று ஒரு சின்ன உருண்டை உண்டு. இளசாக இருக்கும்போது எலுமிச்சை பிழிந்த தயிர்ச்சாதம், காய்ந்து முற்றினால் ஆட்டுக் கொட்டில். காமம்பேர் சீஸில் மழைக்குப் பிந்தைய காளான் வாசம். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒயினில் தொலைத்தது தனிக் கணக்கு. சீஸுக்குச் சிவப்பு ஒயின் என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உள்ளூர்ப் பெருமையான பினோ நுவார் புட்டி ஒன்றை 34 யூரோ கொடுத்து வாங்கினேன். ரோக்ஃபோரோடு குடித்தேன். அது செம்மறிப் பாலில் செய்து கொம்பாலு மலைக் குகைகளில் பதமாகும் நீலப்பூஞ்சைச் சீஸ். இரண்டும் வாயில் சேர்ந்ததும் பித்தளைச் சொம்பை நக்கியதுபோல் ஓர் உலோகக் கசப்பு. ஒயின் கெட்டுவிட்டது என்று நினைத்து, பாதிப் புட்டியைத் தொட்டியில் கொட்டினேன். அதாவது 17 யூரோவைக் கையால் ஊற்றினேன். மறுநாள் அலுவலகத்தில், ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு அம்மையாரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பு ஒயினில் இருப்பது வாழைப்பூத் துவர்ப்பு. உப்பும் பூஞ்சையும் மிகுந்த சீஸ் அந்தத் துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். பெரும்பாலான சீஸுக்கு வெள்ளை ஒயின்தான் பாதுகாப்பு, ஆனால் எங்கள் ஆட்களே கேட்கமாட்டார்கள் என்றார். ரோக்ஃபோருக்கு அவர் சொன்ன மருந்து சோதெர்ன். கொடியிலேயே ஒருவகைப் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையிலிருந்து எடுக்கும் இனிப்பு ஒயின். அரைப் புட்டி வாங்கிப் பார்த்தேன். உப்பு நார்த்தங்காயைத் தேனில் தொட்டதுபோல் இருந்தது. சவீஞோலுக்கு, அது பிறந்த அதே லுவார் ஆற்றுப் பக்கத்து சான்செர் வெள்ளை ஒயின். ஒரு ஊர்ச் சீஸுக்கு அந்த ஊர் ஒயின் என்று கண்ணை மூடிக்கொண்டு போனால் பத்தில் எட்டுத் தடவை தப்பாது.

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆசை அடங்காமல் ஒரே இரவில் ஏழு சீஸும் நான்கு ஒயினும் வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். மறுநாள் மாலை வரை தலையைத் தூக்க முடியவில்லை. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்தது. தனியாகக் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமோ, போனால் எதை எந்த மொழியில் சொல்வது என்று அழுகை வந்தது. முற்றிய சீஸிலும் சிவப்பு ஒயினிலும் ஹிஸ்டமைன் கூடுதல், சிலர் உடம்புக்கு அது ஆகாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மதுவின் அளவே போதுமான காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஓர் இரவுக்கு இரண்டு சீஸ், ஒரே ஒயின், அரை கிளாஸ், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஆர்புவா போனேன். ஜூரா மலையடிவாரத்துச் சிற்றூர். லூயி பாஸ்டர் பிறந்தது வழியில் இருக்கும் தோல் என்ற ஊரில், வளர்ந்தது ஆர்புவாவில். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறைக்குத் தன் பெயரைத் தந்தவரின் ஊரைச் சுற்றிலும் காய்ச்சாத பாலில்தான் காம்தே செய்கிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அங்கே ஒரு பாதாள அறையில் வேன் ஜோன் ஊற்றிக் கொடுத்தார்கள். மஞ்சள் ஒயின் என்று பொருள். சவாஞான் என்ற திராட்சையிலிருந்து எடுத்து, மரப்பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் விட்டுவிடுவார்கள். ஆவியாகிக் குறைவதைத் திரும்ப நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படிந்து காக்கும். ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான் என்று சொல்லி, 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் புட்டியில் அடைப்பார்கள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். அப்படியே நின்றுவிட்டேன்.

வெந்தயம். வெறும் வாணலியில் வறுத்து, இறக்கும் நொடியில் வரும் அதே வாசம். அதன் பின்னால் வால்நட், கொஞ்சம் பழைய மரப்பெட்டி. நாக்கில் துளி இனிப்பில்லை. புளிப்பும் உப்பும் கலந்த வறண்ட சுவை, விழுங்கி ஒரு நிமிடம் ஆகியும் போகவில்லை. நான் அரைகுறைப் பிரெஞ்சில் வெந்தயத்தை விளக்க முயன்றேன். ஊற்றிக் கொடுத்தவர், "எல்லோரும் கறிமசாலா என்பார்கள், நீங்கள்தான் எந்தச் சாமான் என்று சரியாகச் சொல்கிறீர்கள்" என்றார். சோட்டோலோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் வெந்தயத்துக்கும் இந்த ஒயினுக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறதாம். அவர் ஒரு விரல் அகலம் காம்தே தந்தார். அதைக் கடித்து, ஒரு மிடறு. கடித்ததில் நறநறவென்று உப்புக்கல் போலத் தட்டுப்பட்டது உப்பல்ல, முற்றும்போது புரதம் உடைந்து வரும் அமினோ அமிலத்தின் படிகம். எங்கிருந்தோ அம்மா தோசைக்கு ஊறவைத்த கிண்ணம் நினைவுக்கு வந்து, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பாதாள அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு புட்டி 38 யூரோ. யோசிக்காமல் வாங்கினேன். திறந்தபின் வாரக்கணக்கில் கெடாது என்பதால், தனியாக இருப்பவர்களுக்கு அந்த விலை ஓரளவு நியாயம்தான்.

மதியம் காம்தே செய்யும் கூட்டுறவுப் பண்ணைக்கூடம் ஒன்றைப் பார்க்கக் கூட்டத்தோடு போனேன். அவற்றைப் ஃப்ருய்த்தியேர் என்பார்கள். பெரிய செம்புத் தொட்டிகள். ஒரு சக்கரம் 40 கிலோ, அதற்கு 400 லிட்டர் பால். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். சுற்றிக் காட்டிய பெண் ஒரு கண்ணாடிச் சாடியைத் திறந்து எதையோ எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பினாள். மஞ்சளேறி, காகிதம் போல் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரியும் ஒரு சருகு. அப்பளம் காயவைத்தது போலிருந்தது. முகர்ந்தேன், லேசான புளிப்பு வாசம். "ப்ரெஸ்யூர் இதிலிருந்துதான்" என்றாள். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. கேட்டேன். அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கன்றுக்குட்டி. பால் குடிக்கிற பருவத்தில்" என்றாள். கன்றின் நான்காவது இரைப்பையில் பாலைத் திரட்டும் நொதி இருக்கிறது. காய்ந்த இரைப்பையைச் சீஸ் வடித்த நீரில் ஊறவைத்தால் அது இறங்கும். அந்தச் சாறுதான் ப்ரெஸ்யூர். கொஞ்சம் சேர்த்தால் போதும், தொட்டிப் பால் முழுவதும் உறையும். கன்று பிழைத்திருக்குமா என்ற என் கேள்வி அவளுக்குப் புரியவே இல்லை. அவளிடம் எந்தத் தவறும் இல்லை. என் கையில் இருந்ததை அடுத்தவரிடம் கொடுக்கத்தான் எனக்கு நேரமாகிவிட்டது.

திரும்பும் ரயிலில் மடியில் பை, பைக்குள் 400 கிராம் காம்தே. எட்டு மாதம் என்று எண்ணினேன். ப்ரீ, எப்வாஸ், ரோக்ஃபோர், உணவகத்தில் தினமும் அடுக்கிய தட்டு. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "சைவம்தானே?" என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், இறைச்சித் துண்டு எதுவும் இல்லையே என்ற பொருளில் எல்லோரும் உண்மையாகவே ஆமாம் என்றார்கள். ஒயின் குடித்ததற்கு எனக்கு வராத குற்ற உணர்வு இதற்கு வந்தது. ஒயினை அது என்னவென்று தெரிந்து குடித்தேன், இது தெரியாமல் உள்ளே போயிற்று. அந்தத் துண்டை உடன் தங்கியிருந்த பெண்ணிடம் கொடுத்தேன். ஜன்னல் விவகாரத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். அம்மாவிடம் போனில் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, இனிமேல் கேட்டுச் சாப்பிடு. இன்றைக்கு என்ன சமைத்தாய்?" என்றாள். நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்த செலவைக் கூட்டினால், சீஸும் ஒயினும் பயணமுமாக 610 யூரோ.

மூன்று வாரம் சீஸைத் தொடவில்லை. பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு உறையாகத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததைச் சொல்கிறேன். பிரான்சில் "சைவமா" என்று கேட்டுப் பயனில்லை, "ப்ரெஸ்யூர் அனிமால்?" என்று கேளுங்கள். உறையில் வெறுமனே ப்ரெஸ்யூர் என்றிருந்தால் கன்றின் வயிறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோயாகுலாங் மிக்ரோபியேன் என்றிருந்தால் பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி, அது நமக்கு ஆகும். விநோதம் என்னவென்றால், பாரம்பரியப் பெயர்க் காப்புப் பெற்ற உயர்ந்த சீஸ்களில்தான் அனேகமாக விலங்கு நொதி. காம்தே, ரோக்ஃபோர், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ எல்லாம் அப்படித்தான். ஆலையில் செய்த மலிவுப் பொட்டலத்தில்தான் பெரும்பாலும் சைவ நொதி. மஸ்கார்போனே அமிலம் சேர்த்துத் திரட்டுவது, நம் பனீர் மாதிரி. ரிக்கோட்டா, மற்றச் சீஸ் வடித்த நீரில் செய்வது என்பதால், அது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டுப் பொட்டலமாக விற்கும் சீஸுக்கு இந்தக் கவலை இல்லை. ஊரில் சாப்பிட்ட தைரியத்தில்தான் நான் அங்கே ஏமாந்தேன். ஒயினிலும் ஒரு முடிச்சு உண்டு. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பை ஆகியவற்றைப் பயன்படுத்துவதுண்டு; பிறகு வடித்துவிடுவார்கள், மீன் சமாச்சாரத்தை உறையில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. "நோன் கொல்லே" என்று எழுதியிருந்தால் அப்படித் தெளியவைக்காதது. வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்ற முத்திரை இருந்தாலும் சரி.

அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன் போர்ச்சுகீசிய மளிகைக்கடை ஒன்று கண்ணில் பட்டது. செரா த எஸ்த்ரேலா என்ற வட்டச் சீஸ் துணிப்பட்டை கட்டி வைத்திருந்தது. "ப்ரெஸ்யூர் அனிமால்?" என்றேன். கடைக்காரப் பெரியவர், அப்படியொரு கேள்வியே கூடாது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கைப்பேசியைத் துழாவி ஒரு படத்தைக் காட்டினார். முள்ளுச்செடி, உச்சியில் ஊதா நிறப் பூ. செம்மறிப் பால், உப்பு, இந்தப் பூவின் இழைகள், வேறொன்றும் இல்லை என்றார். 22 யூரோ. வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, மேல்தோலை மூடி போல வட்டமாக வெட்டித் திறந்தேன். உள்ளே கரண்டியில் அள்ளும் பதம். ஆர்புவாவில் வாங்கிய மஞ்சள் ஒயின் இன்னும் பாதி இருந்தது. இரண்டும் ஒரு ஊர் இல்லை, என் விதி உடைந்தாலும் உடையட்டும் என்று ஒரு மிடறு ஊற்றிக்கொண்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று எழுதியது: "வெண்ணெய், ஆட்டு ரோமம், பிறகு பூவின் கசப்பு. வற்றலாக்காத இளம் சுண்டைக்காய். ஒயினோடு ஒட்டவில்லை. தனியாகச் சாப்பிட வேண்டும்."